யாரைக் கிள்ளப் போறே, பேராண்டி?

புத்தி சொல்ற பொஸ்தகம் ஒண்ணு எழுதப் போறேங்கிறே. அதையும் நேராச் சொல்லாம நையாண்டியாச் சொல்லப் போறேங்கிறே. ரொம்ப சந்தோசம். நம்ம வம்சத்துல தலைமொறைக்கு ஒருத்தன் சோறு போடாத தொழிலாப் பாத்துத் தேடிப் போறது வழக்கந்தான். ஒங்க பெரிய தாத்தா வேட்டை நாயி வளத்தாரு. நீ பொஸ்தகம் எழுதுறே. நாயாவது எப்பவாச்சும் ஒரு மொயலக் கவ்விக்கிட்டு வரும்.

யாருக்குடா எழுதுறேன்னு கேட்டா, "எல்லாருக்கும் தாத்தா"ங்கிறே. எல்லாருக்கும்னு அச்சடிச்ச பொஸ்தகம் பழைய ரேசன் கார்டு ஒண்ணுதான். அதையும் சீனி போடுற அன்னைக்கு மட்டுந்தான் தேடுனோம். தலைப்பு வேற வச்சுட்டியாம்: "வெற்றிக்கு ஐம்பது குறுக்கு வழிகள்". ஏண்டா, குறுக்கு வழியே அம்பது இருந்தா நேர்வழியில போறவன் சீக்கிரம் போயிருவானே! முப்பதுக்கு மேல ஒனக்கு மூச்சு வாங்கும். பொறவு சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லுவே, கோயில் கொடையில மைக்கு கெடைச்ச தலைவரு மாதிரி. எண்ணிக்கையத் தூக்கித் தூரப் போடு. கேக்குற ஆளு யாருன்னு மொதல்ல முடிவு பண்ணு.

நேரா புத்தி சொல்ற பொஸ்தகத்துல இந்தச் சிக்கல் கெடையாது. "கோழி வளர்ப்பது எப்படி"ன்னு இருந்தா, கோழி வளக்க நெனைக்கிறவன் வாங்குவான். அவனுக்குத்தான் சொல்றே, அவந்தான் துட்டு குடுக்கான், அவந்தான் நட்டப்படுறான். நையாண்டிப் புத்தியில ஆளு ரெண்டாப் பிரிஞ்சிரும். நீ மொகத்தப் பாத்துப் பேசுறது ஒருத்தங்கிட்ட; காதக் குடுத்துக் கேக்குறது வேற ஒருத்தன். கள்ளனுக்குப் பாடஞ் சொல்லிக் குடுக்கிற மாதிரி எழுதணும், வாசிக்கிறது வீட்டப் பூட்டாமப் போனவனா இருக்கணும். இந்த ரெண்டு பேரையும் பொறுக்கி எடுக்காம பேனாவத் தொட்டேன்னா, கள்ளனும் வாங்க மாட்டான், வீட்டுக்காரனும் வாங்க மாட்டான். சென்னை பொஸ்தகக் கண்காட்சி முடிஞ்ச அன்னைக்கு லோடு ஆட்டோவுல ஏத்தி இங்கன கொண்டாந்து போட்டுருவே. 1977லேருந்து வருசா வருசம் நடக்குதாமே அந்தக் கண்காட்சி? அப்படித் திரும்பி வந்த கட்டுகள அடுக்குனா நம்ம கம்மாய்க்குக் கரையே போட்டிரலாம்.

இது நான் கண்டுபிடிச்ச வித்தையில்ல. மதுரையில திருமலை நாயக்கரு காலத்துல நீலகண்ட தீட்சிதர்னு ஒருத்தரு இருந்தாரு. நாயக்கருகிட்ட மந்திரியா இருந்தாருன்னும் சொல்லுவாக. அவரு சமஸ்கிருதத்துல 'கலிவிடம்பனம்'னு நூத்திச் சொச்சம் பாட்டுல ஒண்ணு எழுதி வச்சிருக்காரு. சபையில செயிக்கிறதுக்கு என்ன செய்யணும், மந்திரவாதி எப்படிப் பொழைக்கணும், வைத்தியரு எப்படிப் பொழைக்கணும்னு வரிசையா யோசனை சொல்லிக்கிட்டே போறாரு. சோசியனுக்கு அவரு சொல்றதக் கேளு: ஆயுசு எத்தனைன்னு எவன் வந்து கேட்டாலும் தீர்க்காயுசுன்னே சொல்லிப் போடு; உசுரோட இருக்கிறவன் ஒன்னைய மெச்சுவான், செத்தவன் திரும்பி வந்தா கேக்கப் போறான்? வகுத்துப் பிள்ளைக்குச் சோசியம் கேட்டா, அப்பன்கிட்ட ஆணுன்னு சொல்லு, ஆத்தாகிட்டப் பொண்ணுன்னு சொல்லு. எது பொறந்தாலும் ஒருத்தருகிட்டயாவது பலிச்சிருமுல்ல.

இதுல சோசியனத் திட்டி ஒரு சொல்லு இருக்கா? இல்ல. தொழிலுக்குப் புதுசா வந்த தம்பிக்கு அண்ணன் சொல்ற மாதிரி அம்புட்டுப் பிரியமாச் சொல்றாரு. சோசியனுக்கு ஒண்ணும் வலிக்காது, அவனுக்குத்தான் இதெல்லாம் ஏற்கெனவே தெரியுமே. வாசிக்கிறவன் யாரு? போன வெள்ளிக்கெழமை சாதகத்த மஞ்சப்பையில போட்டுத் தூக்கிக்கிட்டுப் போயி துட்டு குடுத்துட்டு வந்தவன். சிரிச்சுக்கிட்டே வாசிப்பான். ரெண்டு பாட்டு கழிச்சு நாக்கக் கடிப்பான். அந்த ஆளத்தான் நீ புடிக்கணும்.

நம்ம ஊரு ரிட்டயர்டு இங்கிலீசு வாத்தியாரு, அதான் சாயங்காலம் ஊர்ப்புற நூலகத்துல பேப்பர் பாக்க வருவாரே, அவரு இன்னொண்ணு சொன்னாரு. அயர்லாந்து தேசத்துல டப்ளின் பட்டணத்துப் பெரிய கோயில்ல தலைமைச் சாமியாரா இருந்த ஸ்விஃப்ட்னு ஒரு மனுசன், வேலைக்காரவுகளுக்குப் புத்தி சொல்றேன்னு ஒரு பொஸ்தகம் எழுதியிருக்காரு. அவரு செத்த 1745லதான் அது வெளிய வந்துச்சாம். எசமான் கூப்பிட்டா மூணு நாலு தடவை கூப்பிட்ட பொறவு போ; தப்பு பண்ணி மாட்டிக்கிட்டா ஒனக்குத்தான் அநியாயம் நடந்துபோச்சுங்கிற மாதிரி எகிறு. இந்தப் போக்குல போகுதாம். கேக்குறது வேலைக்காரன். ஆனா அந்தக் காலத்துல வெல குடுத்துப் பொஸ்தகம் வாங்குறவன் எசமான். "ஆமாய்யா, நம்ம வீட்டுலயும் இப்படித்தான்"னு தொடையத் தட்டிச் சிரிச்சிருப்பான். நாலு பக்கம் தாண்டுனா, இம்புட்டுக் களவாணித்தனமும் தன் மூக்குக்குக் கீழ நடக்கையில கூப்பிட்டு விரட்டுறதத் தவிர ஒண்ணும் தெரியாத கூமுட்டையா ஒருத்தன் அதுல வாறான் பாரு, அந்தாளு அவனேதான். கூலிக்காரனக் கிள்ளுற மாதிரி கைய நீட்டி, கூலி குடுக்கிறவனக் கிள்ளியிருக்காரு சாமியாரு.

இத ஏன் விரிச்சுச் சொல்றேன்னா, ஒன் நோட்டுல நான் ஒரு அத்தியாயத்தப் பாத்தேன். "நூறு நாள் வேலையில் மண்வெட்டி மேல் சாய்ந்து நிற்பது எப்படி". எழுதும்போதே நீ சிரிச்சிருப்பே. ஒன் ஆபீசுல இருக்கிறவனும் சிரிப்பான். ஆனா அதுல சாய்ஞ்சு நிக்கிறது யாரு? நம்ம தெருக் கெழவிக. இடுப்புல வாதம், கையில கூடை, தலைக்கு மேல மே மாசத்து வெயிலு. அவுக ஒன் பொஸ்தகத்த வாங்கப் போறதில்ல, வாசிக்கப் போறதில்ல, பதில் சொல்லப் போறதும் இல்ல. பதில் சொல்ல முடியாத ஆளக் கிள்ளுறதுக்கு எழுத்தாளன் எதுக்குடா? அதுக்குத்தான் ஊருக்கு நாலு வெட்டிப்பய இருக்கானே.

அந்த அத்தியாயத்தக் கிழிக்கச் சொல்லல. எடத்த மாத்து. நீதான் சொல்லுவேயில்ல, ஏசி ரூமுல ஒரு மீட்டிங்கு, அந்த மீட்டிங்கு எப்ப வைக்கலாம்னு முடிவு பண்ண இன்னொரு மீட்டிங்குன்னு? மண்வெட்டிக்குப் பதிலா லேப்டாப்பு மேல சாய்ஞ்சு நிக்கிறது எப்படின்னு எழுது. ஒனக்குத் தெரிஞ்ச தொழிலு. தெரியாத தொழிலக் கேலி பண்ணுனா அந்தத் தொழில்காரனே ஒன்னையப் பாத்துச் சிரிப்பான்.

சரி, கேக்குற ஆளு எத்தனை பேரு இருக்கணும்? ஒன் அச்சாபீசுக்காரரு ஆயிரம், ரெண்டாயிரம்பாரு. ஒருத்தரு இருந்தாக்கூடப் போதும்னு காட்டுனவ நம்ம ஔவை. அதியமான் தூது அனுப்பி அவ தொண்டைமான் கிட்டப் போறா. அவன் தன் ஆயுதக் கொட்டாரத்தப் பெருமையாத் திறந்து காட்டுறான். புறநானூறு 95ஆம் பாட்டு. ஒங்க ஆயுதமெல்லாம் மயில்பீலி சூட்டி, மாலை போட்டு, நெய் தடவிப் பளபளன்னு காவல்ல பத்திரமா இருக்கு. எங்க அதியமானோடதுக குத்திக் குத்தி நுனி ஒடிஞ்சு கொல்லன் பட்டறையில கெடக்குன்னு சொல்றா. புகழ்ச்சி பூராவும் தொண்டைமானுக்கு, குறை பூராவும் தன் ராசாவுக்கு. அவையில இருந்தவுக எத்தனை பேருக்கு வெளங்குச்சோ. வெளங்க வேண்டிய ஒருத்தனுக்கு வெளங்கியிருக்கும். மன்னனோட வீட்டுக்குள்ளயே நின்னு சொல்லிட்டு, முழுத் தலையோட திரும்பி வந்தாளே, அதுதாண்டா பக்குவம்.

வள்ளுவருகூட அந்தச் சோலியப் பாத்திருக்காரு. பொருட்பால்ல பெரும்பாலும் நேராச் சொல்லிக்கிட்டு வந்த மனுசன், கடைசியில 108ஆம் அதிகாரத்துல கயவனப் பத்திப் பேசும்போது குரல மாத்துறாரு. கயவங்க தேவர்களுக்குச் சமம்ங்கிறாரு. என்னடா இதுன்னு பாத்தா, ரெண்டு கூட்டமும் மனம்போன போக்குல நடக்குமாம், கேக்க ஆளில்லையாம். நல்லது தெரிஞ்சவனவிடக் கயவன்தான் பாக்கியசாலியாம், அவனுக்கு நெஞ்சுல கவலையே கெடையாதாம். பாத்தியா, திட்டுறதுக்குப் பதிலா ஒசத்தி ஒசத்தி வச்சிருக்காரு. ஆனா அதிகாரம் பூராவும் அதே குரல்லயே ஓட்டல. நடுநடுவுல நெசக் குரல்லயும் ஒரு போடு போடுறாரு. 107 அதிகாரம் வரைக்கும் இந்தச் சரக்க அளந்து அளந்துதான் வெளிய எடுத்தாரு பாரு, அந்தப் பொறுமை ஒனக்கு ரெண்டு பக்கத்துக்குத் தாங்குமா?

இப்ப குரலுக்கு வருவோம். ஒன் நோட்டுல வரிக்கு வரி ஆச்சரியக்குறி. அதுக்கு மேல, சிரிக்கிற மூஞ்சியா வட்டம் வட்டமாப் படம் வேற. சிரிப்புக் காட்டுறவன் தானே சிரிச்சுட்டா, பாக்குறவனுக்கு வேலை மிச்சம். நையாண்டிப் புத்திக்கு மொகம் கல்லு மாதிரி இருக்கணும். கோவமும் கூடாது. கோவம் வந்தா மேடை போட்டுப் பேசு, நோட்டீசு அடிச்சுக் குடு, தாலுகா ஆபீசு வாசல்ல உக்காரு. நம்ம தோல்பாவைக் கூத்துல ராமாயணம் நடந்துக்கிட்டு இருக்கும்போதே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் உள்ள புகுந்து ஊரு வம்பப் பேசுவாங்களே, திரைக்குப் பின்னால அத்தனை கொரலும் ஒரே மனுசன் குடுக்கிறதுதான். அவருக்குக் கூட்டத்தோட மொகம் தெரியாது. பகல்ல டீக்கடையில உக்காந்து ஊரு வெவரம் அத்தனையும் காதுல வாங்கிக்கிடுவாரு. ராத்திரி உளுவத்தலையன் வாயில வந்து விழும். முன்னால பிள்ளைக அவன் தலையப் பாத்துச் சிரிக்கும், பின்னால பொம்பளைக பேச்சுக்குச் சிரிப்பாக, பெஞ்சுல இருக்கிற நாட்டாமை மட்டும் துண்ட எடுத்து மொகத்தத் தொடைப்பாரு. ஒரே சொல்லு மூணு எடத்துல மூணு விதமாப் போயி விழணும். உளுவத்தலையன் என்னைக்காவது, "இது நாட்டாமைக்குச் சொன்னதுங்கோ"ன்னு வெளக்கம் குடுத்துப் பாத்திருக்கியா?

ஆனா கல்லு மொகத்துக்கும் ஒரு அளவு இருக்கு. இங்கிலாந்துல டேனியல் டீஃபோன்னு ஒருத்தரு, ராபின்சன் குரூசோ கதை எழுதுனவரு. 1702ல ஒரு சின்னப் பொஸ்தகம் போட்டாரு, பேரு போடாம. அரசாங்கத் திருச்சபைக்கு அடங்காத கூட்டத்த ஒழிக்கச் சுருக்கு வழி என்னன்னு யோசனை சொல்ற மாதிரி: போதகனத் தூக்குல போடு, கேக்கப் போறவன நாடு கடத்துன்னு. அவரே அந்த அடங்காத கூட்டத்து ஆளுதான். எதிராளி பேசுறத அப்படியே பேசிக் காட்டி வெக்கப்பட வைக்கலாம்னு நெனைச்சிருக்காரு. நடந்தது என்ன? எதிராளிக, "ஆகா, நம்ம மனசுல இருந்ததச் சொல்லிட்டான்யா"ன்னு கொண்டாடுனாக. சொந்தக் கூட்டம், "ஐயையோ, கொல்லப் போறானுக"ன்னு நடுங்குச்சு. எழுதுனது யாருன்னு தெரிஞ்ச பொறவு ரெண்டு பக்கமும் அவரு மேல பாய்ஞ்சிருச்சு. 1703ல மூணு நாளு சந்தியில கழுத்தையும் கையையும் கட்டையில மாட்டி நிறுத்தி வச்சாக. அபராதம், ஜெயிலு எல்லாம் உண்டு.

ஸ்விஃப்ட் சாமியாரு 1729ல எழுதுன இன்னொண்ணுல, அயர்லாந்து ஏழைகளோட பச்சப் பிள்ளைகளப் பணக்காரவுக சாப்பாட்டுக்கு வித்துரலாம்னு கணக்கு வழக்கோட யோசனை சொன்னாரு. மொகம் அதே கல்லுதான். ஆனா சொன்ன சரக்கு எந்த மனுசனும் சரின்னு தலையாட்ட முடியாத சரக்கு. டீஃபோ சொன்னத நாட்டுல நெறையப் பேரு ஏற்கெனவே மனசுக்குள்ள நெனைச்சுக்கிட்டு இருந்தாக. அங்கதான் கோளாறு. நீ கேலிக்குச் சொல்றத ஒருத்தன் நெசமாவே செஞ்சுக்கிட்டு இருந்தான்னா, அவனுக்கு அது கேலியாத் தெரியாது, கையேடாத் தெரியும். சாதியப் பத்தி, பொண்ணு வீட்டுல நகை கேக்குறதப் பத்தியெல்லாம் எழுதும்போது இத மனசுல வையி. "நூறு பவுன் கேளுங்கள்"னு எழுதுனா கேலின்னு எவனுக்கும் தெரியாது, அப்படிக் கேக்குற ஆளு நெறைய இருக்கான். "மாப்பிள்ளையின் எடைக்கு எடை கேளுங்கள், ஆகவே நிச்சயதார்த்தம் வரை அவருக்கு மூன்று வேளையும் பிரியாணி கொடுங்கள்"னு எழுது. அவனும் அந்த எடத்துல ஒரு நொடி நின்னுதான் போகணும்.

சும்மா வாயில சொன்னா ஒனக்கு ஏறாது. மொய்யப் பத்தி நீ எழுதியிருக்கிறத எடுத்துக்கிடுவோம். நீ எழுதுனது இது: "மொய் என்ற பெயரில் நடக்கும் போலித்தனத்தைப் பாருங்கள்! பாசத்தைப் பணத்தால் அளக்கும் சமுதாயமே, வெட்கமாக இல்லையா!" இது நையாண்டி இல்லடா, பட்டிமன்றம். எதிரணிக்காரரு எந்திரிச்சு, "நடுவர் அவர்களே"ன்னு ஆரம்பிச்சிருவாரு.

மொய்யப் பத்தி எழுதணும்னா மொதல்ல மண்டப வாசல்ல அரை நாளு உக்காரு. ஒருத்தரு துட்ட வாங்கி எண்ணுவாரு, ஒருத்தரு நோட்டுல எழுதுவாரு. எழுதுறவருக்குத் தனிக் கெத்து. ஊரு பேரு, அப்பா பேரு, இனிசியலு எல்லாம் கேட்டுக் கேட்டு எழுதுவாரு, தாசில்தாரு மாதிரி. 101, 201, 501, 1001. அந்த ஒத்த ரூவா இல்லாம மொய்யே கெடையாது. கவருல போடுறவன் ஒரு சாதி, கையில விரிச்சுக் குடுத்து மைக்குல சொல்லச் சொல்றவன் ஒரு சாதி. இதெல்லாம் கண்ணுல பட்ட பொறவு நான் சொல்ற மாதிரி எழுது. எழுத்து நடையிலயே சொல்றேன், குறிச்சுக்கோ:

"அன்புடையீர், திருமணத்திற்குப் புறப்படும் முன் தங்கள் இல்லத்துப் பழைய மொய் நோட்டை ஒருமுறை புரட்டிப் பார்க்கவும். அவர்கள் முன்பு நமக்கு 101 செய்திருந்தால், இன்றும் 101 செய்வதே நேர்மை. இடையில் விலைவாசி ஏறியதற்கு மணமக்கள் காரணமல்லர்; அந்தப் பாரத்தை அவர்கள் தலையில் ஏற்றுவது பாவம். கவரின் மேல் தொகையை எழுதாமல் விடுவது அடக்கத்தைக் காட்டும். உள்ளேயும் அதே அடக்கத்தைக் கடைப்பிடிக்கலாம். பந்தியில் ஐந்து பேராக அமர்வது உறவின் நெருக்கத்தைத் தெரிவிக்கும். பாயசத்தை மறுமுறை கேட்பது சமையல்காரரைக் கௌரவிப்பதாகும். விடைபெறும்போது, 'சாப்பாட்டில் உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல்' என்று சொல்லிவிட்டு வரவும். குறை சொல்லாத விருந்தாளியை யாரும் நினைவில் வைப்பதில்லை."

பாத்தியா? ஒரு வசவு கெடையாது, ஆச்சரியக்குறி கெடையாது. "தங்கள்", "அன்புடையீர்"னு மரியாதை மட்டும் கூடிக்கிட்டே போகும். மரியாதை ஏற ஏறத்தான் ஊசி எறங்கும். இதையே "நீ"ன்னு போட்டு எழுதிப் பாரு, சண்டைக்கு நிக்கிற மாதிரி இருக்கும்.

இன்னொண்ணையும் கவனி. இது மொய் எழுதப் போறவனுக்குச் சொன்னது. மக கல்யாணத்துக்கு வட்டிக்கு வாங்கிட்டு, மறுநாள் காலையில மொய் நோட்ட மடியில வச்சுக் கூட்டிக் கூட்டிப் பாக்குற தகப்பன் இருக்கானே, அவனப் பாத்து இதே குரல்ல ஒரு வரி எழுத முடியுமான்னு யோசி. முடியாது. குரலக் கொஞ்சம் எறக்கணும், கேலி வட்டிக்காரன் பக்கம் திரும்பணும். கேக்குற ஆளு மாறுனா குரலும் மாறியே ஆகணும். அதனாலதான் மொத அத்தியாயம் வேலை தேடுற பயலுக்கு, ரெண்டாவது மாமியாருக்கு, மூணாவது மந்திரிக்குன்னு நீ கலந்து கட்டி வச்சிருக்கிறது சரிப்பட்டு வராதுங்கிறேன். ஒரே ஆளப் புடி. என்னையக் கேட்டா, முப்பத்தஞ்சு நாப்பது வயசு, டவுனுல வாடகை வீடு, ஊருல பாகம் பிரிக்காத நெலம், பிள்ளைய இங்கிலீசுப் பள்ளிக்கூடத்துல சேத்துட்டு பீசு கட்ட முழிக்கிறவன், ஊருக்கு வந்தா, "அங்க லைஃபே வேற"ன்னு அளந்து விடுறவன். இந்த ஆளு எனக்கு நல்லா அறிமுகம். இப்பக்கூட எதுத்தாப்புல உக்காந்து தலைய ஆட்டிக்கிட்டு இருக்கான்.

மொறைக்காத. வீரமாமுனிவரு எழுதுன பரமார்த்த குரு கதை ஞாபகம் இருக்கா? மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன்னு அஞ்சு சிசியப்பிள்ளைக. ஆத்தக் கடந்து கரையேறி ஆள எண்ணுறான் ஒருத்தன். தன்னைய விட்டுட்டு எண்ணுறான். ஒரு ஆளு குறையுது. ஆறு முழுங்கிருச்சேன்னு குருவுஞ் சேந்து ஒப்பாரி. பொறவு வழியில வந்த ஒருத்தன் தடிய எடுத்து, முதுகுல ஆளுக்கொண்ணு வச்சு, பேரச் சொல்லச் சொல்லி எண்ணுன பொறவுதான் கணக்கு நேராச்சு. நையாண்டி எழுத வாற பயக பாதிப்பேரு இப்படி எண்ணுனவன் வழிதான். ஊருல இருக்கிற அத்தனை முட்டாளையும் எண்ணுவான், தன்னைய விட்டுட்டு எண்ணுவான். கணக்கு ஒண்ணு குறையும்.

அந்தக் கதை போன எடத்தையும் பாரு. வீரமாமுனிவரு இத்தாலிக்காரரு; வெளிநாட்டுலேருந்து வாற பாதிரிமாரு நம்ம பேச்சுத் தமிழப் படிச்சுக்கிடட்டும்னு எழுதுனது. 1822ல லண்டன்ல இங்கிலீசோட சேத்து அச்சடிச்சாக. எந்தப் பாதிரி அத வச்சுத் தமிழ் படிச்சாரோ, தெரியல. நம்ம பிள்ளைக பாடப் பொஸ்தகத்துல ஏறி, நாம சிரிச்சுக்கிட்டு இருக்கோம். மடத்தையும் குருமாரையும் கேலி பண்ணத்தான் அந்தாளு இப்படி எழுதுனாருன்னு மொகஞ் சுளிச்சவுகளும் உண்டு, அதுலயும் ஞாயம் இருக்கு. வெளியேருந்து வந்தவன் கிள்ளுனா கொஞ்சம் கூடவே வலிக்கும். ஆனா குருவோட குதிரை முட்டைக் கதைக்குச் சிரிக்காத பிள்ளை உண்டா? ஆளக் குறிபாத்து எழுதலாம்; பொஸ்தகம் எந்தத் திண்ணையில போயி உக்காரும்னு அதுக்கு மட்டுந்தான் தெரியும்.

எங்கயாவது போயி உக்காரட்டும்னு நேத்து வந்த பொஸ்தகத்தக் கேலி பண்ணி இன்னைக்கு ஒண்ணு போட்டுராத. 1936ல டேல் கார்னகி, நாலு பேரச் சிநேகம் புடிக்கிறது எப்படின்னு எழுதுனாரு. நம்ம பஸ்டாண்டுக் கடையில இன்னைக்கும் தமிழ்ல தொங்குது. மறு வருசமே அங்க ட்ரெஸ்லர்னு ஒருத்தரு, சிநேகத்த முறிச்சுக்கிறது எப்படின்னு எதிர்ப்பாட்டுப் பாடிட்டாரு. அது எந்தக் கடையிலயும் தொங்கிப் பாத்ததில்ல. மூலத்த வாசிச்சவன் மட்டுந்தான அதுக்குச் சிரிக்க முடியும்? கேலியோட வாழ்வு கேலி பண்ணப்பட்ட பொஸ்தகத்தோட கயித்துல கட்டிப் போச்சு. அதனால ஆத்திசூடிய மாத்தி எழுதுறது, கொறள மாத்தி எழுதுறது, இந்தச் சில்லறை வேலையெல்லாம் வேண்டாம். அத எட்டாங்கிளாசுப் பயலே பெஞ்சு மேல எழுதிருவான்.

அப்படின்னா மொத அத்தியாயமா வேற என்ன எழுதலாம்னு கேப்பே. என்னையப் பத்தி எழுது. "கேட்காமலே அறிவுரை சொல்லும் பெரியவரிடம் நடந்துகொள்ளும் முறை". தலைய எம்புட்டு ஆட்டணும், எந்த எடத்துல, "அப்படியா தாத்தா"ன்னு போடணும், காபி வந்ததும் பேச்ச எப்படித் திருப்பணும், கடைசியில செலவுக்கு எப்படிக் கேக்கணும். ஒனக்கு இதுல நல்ல பழக்கம் இருக்கு. கெழவனக் கிள்ளுனா ஒருத்தனும் கேசு போட மாட்டான். ஒங்க பாட்டி மட்டும் கேட்டா, இன்னும் ரெண்டு சேத்துக்கோன்னு எடுத்துக் குடுப்பா.

எழுதி முடிச்சிட்டு நேரா அச்சாபீசுக்குப் போகாத. பால்ல தண்ணி சேக்குறதப் பத்தி ஒரு அத்தியாயம் வச்சிருக்கேயில்ல, "மாடு இரவில் அதிகம் தண்ணீர் குடித்துவிட்டது எனும் விளக்கத்தை முகம் மாறாமல் சொல்வது எப்படி"ன்னு, அத எடுத்துக்கிட்டு விடிகாலையில பால் சொசைட்டிக்குப் போ. கேனத் தூக்கிக்கிட்டு வரிசையில நிப்பாக. டெஸ்டர் லாக்டோமீட்டர உள்ள விடுறதுக்கு முன்னால, ஓரமா நின்னு சத்தமா வாசி. பக்கத்துல இருக்கிறவனப் பாத்துச் சிரிச்சாங்கன்னா, குரல் சரி, இன்னும் ஆளு சிக்கல. ஆளுக்கு ஆளு தன் கேனையே குனிஞ்சு பாத்தாங்கன்னா, ஆளு சிக்கிட்டான், அச்சடிக்கலாம். எல்லாரும் ஒன்னையவே பாத்தாங்கன்னா, நோட்ட மடிச்சு இடுப்புல சொருகு. கோயில்பட்டி பஸ்சு ஆறே முக்காலுக்கு.